எரிசாராயம் குடிக்கும் வண்டிகள்! பழைய என்ஜின் தாங்குமா?

மார்கழி மாதம். அதிகாலை நேரம். பவானி கூடுதுறையில் பனி மூட்டம். கோவிலுக்குப் போக வந்தவர், வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளை உதைக்கிறார். ஒரு உதை, இரண்டு உதை, பத்து உதை. வண்டி இருமுகிறது; கிளம்பவில்லை.

"ஏனுங்க, சோக்கை இழுத்துப் போட்டு உதையுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இழுத்துப் பார்த்தாச்சுங்க. இப்ப வர்ற பெட்ரோலே சரியில்லீங்க. பாதிக்குப் பாதி சாராயத்தைக் கலந்துடறாங்க!"

பவானியில் மட்டும் அல்ல, நாடு முழுவதுமே இந்தப் பேச்சு இருக்கிறது. பெட்ரோலில் எரிசாராயம் கலப்பது உண்மை. ஆனால் பாதிக்குப் பாதி அல்ல. ஐந்தில் ஒரு பங்கு. அதாவது, 5 லிட்டர் பெட்ரோல் போட்டால், அதில் சுமார் 1 லிட்டர் எரிசாராயம். இதற்கு "எத்தனால்" என்று பெயர். கலந்த பெட்ரோலை "இ-20" என்று அழைக்கிறார்கள். 20 என்பது நூற்றுக்கு 20 பங்கு என்பதைக் குறிக்கிறது.

இது யாரும் திருட்டுத்தனமாகச் செய்யும் கலப்படம் அல்ல. அரசாங்கமே திட்டம் போட்டுச் செய்வது. ஏன் கலக்கிறார்கள்? பழைய வண்டி தாங்குமா? நட்டம் யாருக்கு, லாபம் யாருக்கு?

எப்போது தொடங்கியது?

இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்து வருகிறது. நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி. அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் சண்டை மூண்டால், இங்கே பெட்ரோல் விலை ஏறுகிறது.

"வெளியில் வாங்குவதைக் குறைப்போம். நம் வயலில் விளையும் கரும்பில் இருந்து எரிபொருள் எடுப்போம்" என்பதுதான் திட்டம்.

2003-ம் ஆண்டு, நூற்றுக்கு 5 பங்கு கலக்கும் திட்டம் 9 மாநிலங்களில் தொடங்கியது. அதில் தமிழ்நாடும் ஒன்று. 2022-ம் ஆண்டு ஜுன் மாதம் அது 10 பங்கு ஆயிற்று. 2023-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி இ-20 பெட்ரோலை அறிமுகம் செய்து வைத்தார். 20 பங்கு கலப்பதற்கு முதலில் 2030-ம் ஆண்டு வரை கெடு வைத்திருந்தார்கள். ஆனால் 2025-ம் ஆண்டிலேயே நாடு முழுவதும் அந்த அளவை எட்டிவிட்டார்கள்.

ஐந்து ஆண்டு முன்கூட்டியே வெற்றி! ஆனால் வந்த வேகத்தில்தான் வம்பும் வந்தது. 2025-ம் ஆண்டு, பழைய வண்டிக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். "கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும். எதை வாங்குவது என்பது எங்கள் விருப்பமாக இருக்க வேண்டும்" என்று சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் போடப்பட்டது. 2025 செப்டம்பர் 1-ந் தேதி கோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

கரி பஸ் ஓடிய காலம்

கிடைத்த எரிபொருளுக்குத் தகுந்தபடி என்ஜினை வளைப்பது புதிய காரியம் அல்ல. மோட்டார் வண்டி பிறந்த நாளில் இருந்து நடப்பதுதான்.

அமெரிக்காவில் போர்டு கம்பெனி 1908-ம் ஆண்டு "மாடல் டி" காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கார்கள் பெருகப் பெருக, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. எண்ணெய் ஆலைகள், எளிதில் ஆவியாகாத கனமான எண்ணெயையும் பெட்ரோலோடு சேர்த்து விற்றன. குளிர் காலத்தில் வண்டிகள் கிளம்ப மறுத்தன.

என்ன செய்தார்கள்? புகை வெளியேறும் குழாய் சூடாக இருக்கும் அல்லவா? அந்தச் சூட்டில் பட்ட காற்றை, ஒரு குழாய் வழியாக கார்புரேட்டருக்குக் கொண்டு போனார்கள். சூடான காற்றில் பெட்ரோல் எளிதில் ஆவி ஆயிற்று. காரின் முன்பக்கம், ரேடியேட்டர் ஓரமாக சோக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவார்கள். உள்ளே ஓட்டுநர் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகி, பெட்ரோல் கூடுதலாகவோ குறைவாகவோ போகும்படி செய்யலாம்.

நம் ஊருக்கு வருவோம். இரண்டாவது உலகப்போர் நடந்தபோது, 1941-ம் ஆண்டு இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மறு ஆண்டு பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்களை நிறுத்திவிட முடியுமா? அப்போது பிறந்ததுதான் கரி பஸ்.

பஸ்சின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதில் மரக்கரியைக் கொட்டி, நெருப்பு வைப்பார்கள். கிளீனர் பையன் காற்றாடிச் சக்கரத்தைச் சுற்றோ சுற்று என்று சுற்றுவான். காற்றுக் குறைவாகப் போவதால், கரி முழுவதும் எரியாமல் ஒருவிதமான வாயு உண்டாகும். அதை வடிகட்டி, குளிரவைத்து, என்ஜினுக்குள் அனுப்புவார்கள். பஸ் நகரும்!

ஆனால் அந்த வாயுவில் ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். அதனால் என்ஜினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும். மேடு வந்தால் பயணிகள் இறங்க வேண்டியதுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறியவர், கரி பூசிக்கொண்டு இறங்குவார். அந்த வாயுவில் விஷமும் உண்டு. மூடிய கொட்டகையில் நின்று சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்தது. கரி பஸ்களும் மறைந்தன. கரி பஸ்சில் ஒரு நியாயம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எரிபொருள் மாறியது, அதற்குத் தகுந்தபடி வண்டியையும் மாற்றிவிட்டுத்தான் சாலையில் விட்டார்கள். என்ன எரிகிறது என்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு இன்னொரு உதாரணமும் தெரியும். மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட் என்ஜின் உண்டு அல்லவா? அதைப் பெட்ரோலில்தான் கிளப்புவார்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவி ஆகாது என்பதுதான் காரணம்.

பெட்ரோலில் எரிசாராயம் கலப்பதும் புதிது அல்ல. 1948-ம் ஆண்டிலேயே இதற்கு இந்தியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். அது ஏட்டோடு நின்று, 2000-ம் ஆண்டில் ரத்து செய்யப்பட்டது. மூன்றே ஆண்டில், பழைய யோசனை புதிய திட்டமாகத் திரும்பி வந்துவிட்டது!

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது என்ஜினுக்குப் பயன் இல்லை. அது ஆவியாகி, காற்றோடு கலந்தால்தான் வெடித்து எரியும். எரிய எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் பதினான்கே முக்கால் கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எரிசாராயத்துக்கு 9 கிலோ போதும். எரிசாராயத்துக்குள்ளேயே பிராணவாயு இருப்பதுதான் காரணம்.

ஆகவே, எரிசாராயம் கலந்தால் காற்றுக்கு ஏற்றபடி எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். புது வண்டிகளில் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கருவி இருக்கிறது. புகைக் குழாயில் உள்ள உணர்கருவி, "காற்று கூடிவிட்டது, எரிபொருளைக் கூட்டு" என்று தகவல் சொல்லும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் அநேகமாக இந்த வகைதான்.

பழைய வண்டியில் கார்புரேட்டர்தான் உண்டு. அதில் உள்ள ஜெட் என்னும் சிறு துளை, பெட்ரோலுக்கென்று அளவெடுத்துப் போட்டது. அது வழக்கமான அளவைத்தான் விடும். எனவே கலவை மெலிந்துவிடுகிறது. வண்டி இழுவை குறைந்து திணறலாம். என்ஜின் சூடும் கூடலாம்.

குளிரின் கதை என்ன? எரிசாராயம் 78 டிகிரி சூட்டில்தான் கொதிக்கும். ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை அது எடுத்துக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதுதான் காரணம். வெறும் எரிசாராயத்தில் ஓடும் வண்டி, குளிரில் கிளம்புவது கடினம்.

ஆனால் இ-20-ல் நூற்றுக்கு 80 பங்கு பெட்ரோல்தான். அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் நிறைய இருக்கின்றன. ஆகவே பவானியின் மார்கழிக் குளிருக்குப் பயப்படத் தேவை இல்லை. கிளம்ப மறுக்கும் பழைய வண்டியில், மெலிந்த கலவை, அடைபட்ட ஜெட், தேய்ந்த பிளக் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மைலேஜ் குறையுமா?

குறையும். இதில் ஒளிவுமறைவு இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எரிசாராயத்தில் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால், மொத்தச் சக்தியில் பதினைந்தில் ஒரு பங்கு குறையும். அதாவது நூற்றுக்கு 6 அல்லது 7.

மத்திய அரசின் "நிதி ஆயோக்" 2021-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் இதை ஒட்டியே சொல்கிறது. பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 பங்கு கலவைக்குச் சரிசெய்த கார்களில் நூற்றுக்கு 6 முதல் 7 வரை குறையும். அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 வரை. தொடக்கத்திலேயே 10 பங்குக்கு வடிவமைத்து, 20 பங்குக்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 வரைதான்.

வீட்டுக் கணக்கில் இது எவ்வளவு? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போன இருசக்கர வண்டி 48 கிலோமீட்டர் போகும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் 20 லிட்டருக்குப் பதில் 20 லிட்டரும் 800 மில்லிக்குச் சற்று மேலும் போட வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 80 ரூபாய்க்கு மேல் கூடுதல். பணக்காரருக்கு இது பெரிதல்ல. ஜமக்காளம் நெய்து கூலி வாங்குகிறவருக்கும், மொபெட்டில் காய்கறி விற்கிறவருக்கும் இதுவும் ஒரு செலவுதான்.

ரப்பரும் துருவும்

மைலேஜைவிடப் பெரிய கவலை, பழைய வண்டியின் உறுப்புகளைப் பற்றியது.

எரிசாராயம் சில பழைய வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஊறவைத்து உப்பச் செய்யும் அல்லது இறுகி வெடிக்கச் செய்யும். பெட்ரோல் குழாய், வாஷர், கேஸ்கட் இவை பாதிக்கப்படலாம். குழாய் வெடித்துப் பெட்ரோல் கசிந்தால், அது தீ ஆபத்து.

மேலும், எரிசாராயம் தண்ணீரை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எரிசாராயமும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாயும் அடியில்தானே இருக்கிறது? அதை உறிஞ்சினால் வண்டி நின்றுவிடும். டாங்கியும் துருப்பிடிக்கும்.

2023-ம் ஆண்டு ஏப்ரலில் இருந்து வந்த வண்டிகளில் எரிசாராயத்தைத் தாங்கும் ரப்பர் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டிகளைப் பற்றி அரசு 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. "சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, சில ரப்பர் உறுப்புகளையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம். செலவு அதிகம் இல்லை" என்பது அதன் சாரம்.

எரிசாராயத்துக்கு நல்ல குணங்களும் உண்டு. பெட்ரோல் தரம் குறைந்தால் மேட்டில் ஏறும்போது என்ஜின் "டிக் டிக்" என்று அடிக்கும். எரிசாராயம் சேர்ந்தால் அந்தத் தட்டல் அடங்கும். புகையில் விஷ வாயுவும் குறையும். இ-20-ல் ஓடும் இருசக்கர வண்டியில், கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயு பாதியாகக் குறைவதாக நிதி ஆயோக் அறிக்கை கூறுகிறது.

பிரேசில் கற்ற பாடம்

உலகத்தில் எரிசாராயத்துக்குப் பேர் போன நாடு பிரேசில். கரும்பு அதிகமாக விளையும் நாடு அது. 1973-ம் ஆண்டு எண்ணெய் விலை ஏறி, நாடு தத்தளித்தது. 1975-ம் ஆண்டு எரிசாராயத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1979-ம் ஆண்டு, முழுக்க எரிசாராயத்தில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. குளிரில் கிளம்புவதற்காக, சின்னப் பெட்ரோல் டப்பா ஒன்றைத் தனியாக வைத்தார்கள். நம் பம்புசெட் தந்திரமேதான்!

1989-ம் ஆண்டு வாக்கில் எரிசாராயம் தட்டுப்பாடு ஆயிற்று. வண்டிக்காரர்கள் வரிசையில் நின்று தவித்தார்கள். அதில் கற்ற பாடத்தின் பலனாக, 2003-ம் ஆண்டு புதுவகைக் கார் வந்தது. பெட்ரோலும் போடலாம், எரிசாராயமும் போடலாம், இரண்டையும் கலந்தும் போடலாம். பங்க்கில் இரண்டும் தனித்தனி விலையில் கிடைக்கும். எது லாபமோ, அதை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் அங்கே பெட்ரோலில் 30 பங்கு கலக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டு, படிப்படியாக நடந்த வேலை அது.

வயலுக்கு என்ன கிடைக்கும்?

பவானிக்கு இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் உறவு உண்டு. வண்டி ஓட்டுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். கரும்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பவானி அருகே ஆப்பக்கூடலில் சக்தி சர்க்கரை ஆலை இருக்கிறது. அதை நிறுவியவர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம். அவர் குடும்பம் பஸ் தொழிலில் பேர் பெற்றது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகில் இருந்து சாராயம் காய்ச்சும் பிரிவும் அங்கே உண்டு.

சர்க்கரை விலை சரிந்தால், ஆலைகள் கரும்புப் பணத்தைக் காலத்தில் கொடுக்க முடியாமல் பாக்கி வைக்கும். எரிசாராயத்தை எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கிக்கொண்டால், ஆலைக்குக் கையில் காசு வரும். விவசாயிக்கும் பாக்கி தீரும். இது நியாயமான லாபம். இறக்குமதி குறைந்ததில், 2014-ம் ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய் அன்னியச் செலாவணி மிச்சம் என்றும் 2025-ம் ஆண்டு அரசு சொன்னது.

ஆனால் இன்னொரு தட்டையும் பார்க்க வேண்டும். கரும்பு, தண்ணீர் குடிக்கும் பயிர். கரும்பில் இருந்து ஒரு லிட்டர் எரிசாராயம் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. காலிங்கராயன் வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

கரும்பு மட்டும் போதவில்லை. 2023-ம் ஆண்டு மழை குறைந்து கரும்பு விளைச்சல் பற்றிய கவலை வந்ததும், கரும்புச் சாற்றில் இருந்து எரிசாராயம் எடுப்பதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம் விளைவிப்பவருக்கு நல்ல விலை. ஆனால் கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான். பக்கத்து நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அது தலைவலி ஆயிற்று. தீவனம் ஏறினால், முட்டை விலையும் அதைப் பின்தொடரும்.

யாருடைய பையில் இருந்து?

நாட்டுக்கு டாலர் மிச்சம். ஆலைக்கு வருமானம். விவசாயிக்கு விலை. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் குறையும் மைலேஜுக்கும், மாற்ற வேண்டிய ரப்பர் குழாய்க்கும் பணம் யார் கொடுப்பது? பழைய வண்டி வைத்திருப்பவர். பழைய வண்டி யாரிடம் இருக்கும்? புது வண்டி வாங்க வசதி இல்லாதவரிடம்தான் பெரும்பாலும் இருக்கும்.

"கலந்த பெட்ரோலை மலிவாகக் கொடுக்கலாம்" என்று ஒரு யோசனை இருந்தது. அது நடக்கவில்லை. எரிசாராயத்தின் கொள்முதல் விலையே லிட்டருக்கு சராசரி 71 ரூபாய் 32 காசு ஆகிவிட்டது, அது பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்பது 2025-ல் அரசு சொன்ன காரணம். காரணம் சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் பழைய வண்டிக்காரருக்கு வேறு வழியில் கை கொடுக்கலாம். மாற்று ஜெட்டும் எரிசாராயம் தாங்கும் குழாயும் எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கச் செய்யலாம். எந்த வண்டி எவ்வளவு கலப்பைத் தாங்கும் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு பங்க்கிலும் ஒட்டலாம். 20 பங்கைத் தாண்டும் முன்பு, இதையாவது செய்வது அவசியம்.

வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

டாங்கியில் பெட்ரோலை மாதக் கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. ஓட்டாத வண்டியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

டாங்கி மூடியின் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று மழைக் காலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

பெட்ரோல் குழாயை அவ்வப்போது விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உப்பி இருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், இ-20-க்கு ஏற்ற ஜெட் உண்டா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு, கலவையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். டாங்கியில் படிந்த பழைய அழுக்கை எரிசாராயம் கரைத்துக்கொண்டு வந்து அடைத்துவிடும்.

கரி பஸ்சைத் தள்ளிவிட்டவர்கள் நம் தாத்தாக்கள். நாட்டுக்கு நெருக்கடி என்றால் மேட்டில் இறங்கித் தள்ளுவதற்கு மக்கள் தயங்குவதில்லை. ஆனால் அன்று எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். இன்றும் பாரத்தை எல்லோரும் பகிர்ந்துகொண்டால், வண்டி மேடு ஏறிவிடும்.